அம்பாசிடர் தாத்தாவுக்கு ஒரு பைபாஸ்!

ஆடித் தள்ளுபடி சமயத்துல, அதுவும் சனிக்கிழமை சாயங்காலம், பனகல் பார்க் சிக்னல்ல காரோட மாட்டியிருக்கீங்களா? மாட்டியிருந்தா கையைக் கொடுங்க பாஸ், நீங்களும் நம்ம ஜாதி!

முன்னாடி ஒரு 5-ஏ... இல்லை, நம்பர் எதுவா இருந்தா என்ன, ஒரு பஸ். பின்னாடி ஹாரனைத் தவிர வேற எதுவும் வேலை செய்யாத ஒரு ஆட்டோ. ரெண்டு பக்கமும் கட்டைப்பை தூக்கிய குடும்பங்கள். நடுவுல எங்க அம்பாசிடர். ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கினா உலகத்தோட புகை. ஏத்தினா உள்ளேயிருந்து வேறொரு வாசனை.

பின் சீட்டில் தாத்தாவும் பாட்டியும். பாட்டிதான் முதல்ல கேட்டாங்க.

"என்னடா, பெட்ரோல் வாசனை வருது?"

"பழைய காருன்னா அப்படித்தான் பாட்டி. அதோட பெர்ஃப்யூம் அது!"

சொல்லிட்டு நானே சிரிச்சேன். சூப்பர் ஜோக்னு அன்னிக்கு நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சு, அந்த ஜோக்குக்காக என்னை நானே ஓங்கி ஒரு அறை விடணும்னு தோணுச்சு. ஏன்னு சொல்றேன். அதுக்கு மயிலாப்பூர், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை, அடையாறுன்னு ஒரு ரவுண்டு வரணும். ஏறிக்குங்க. கதவை மட்டும் கொஞ்சம் பலமா சாத்துங்க, அம்பாசிடர்!

ஹீரோ அறிமுகம்

எங்க ஹீரோ 2001 மாடல் அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். வெள்ளைன்னு சொல்ல முடியாத ஒரு வெள்ளை. உடம்பு அந்தக் கால மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, இதயம் ஜப்பான் இசுஸு. ஐம்பதுகளின் கடைசியில் ஆரம்பிச்சு 2014 மே வரைக்கும், கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவில் இந்த வண்டி வந்துட்டே இருந்தது. கடைசி காலத்து பெட்ரோல் மாடல்கள்ல கார்புரேட்டரைத் தூக்கிட்டு எம்.பி.எஃப்.ஐ வச்சாங்க. அதாவது, நாலு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு இன்ஜெக்டர். வெளியில பார்த்தா வேட்டி கட்டின தாத்தா. உள்ளே கம்ப்யூட்டர் படிச்ச பேரன்.

இது கிளாஸிக் காரான்னு கேட்டா, எங்க வீட்ல ஆமாம். அரசாங்கத்துக்கு இல்லை. 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ்னு பதிவு பண்ணணும்னா வண்டிக்கு 50 வயசு தாண்டணும். அதுவரைக்கும் இது சாதாரண கிழம்தான். 15 வருஷம் முடிஞ்சதிலிருந்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ ஆபீஸ் படி ஏறி ஆர்.சி புதுப்பிக்கணும். ஒவ்வொரு முறையும் எங்க மாமா ஒரே டயலாக்: "எடைக்குப் போட்டுடு மாப்ளே. இதுக்கு செலவு பண்றதுக்கு கால் டாக்ஸில போலாம்."

தாத்தா பதில் சொல்ல மாட்டார். பேப்பரை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சுப்பார். முகம் தெரியாம.

அதனால காருக்கு எந்தச் செலவு வந்தாலும் நான்தான் சத்தமில்லாம, சிக்கனமா முடிக்கணும். மாமா காதுக்குப் போகக் கூடாது. இந்த சிக்கனத்துலதான் வந்தது வினை.

சித்திரக்குளம் பக்கம் ஒரு நோயாளி

மயிலாப்பூர்ல சித்திரக்குளத்துக்குப் பின்னாடி ஒரு சந்து. சந்துல ஒரு வேப்பமரம். மரத்தடியில எங்க மெக்கானிக் அண்ணன். போர்டு கிடையாது. மூணு கார் நிக்கும், ரெண்டு கார் தூங்கும். நான் போனப்போ பானெட்டைத் திறந்தவர், மூக்கைச் சுளிச்சார்.

"எத்தினி நாளா வாசனை வருது?"

"ஒரு ரெண்டு மாசமா அண்ணே."

கையில இருந்த டார்ச்சை உள்ளே அடிச்சார். இன்ஜினுக்கு பெட்ரோல் கொண்டு வர்ற ஒரு ரப்பர் ஹோஸை ரெண்டு விரலால லேசா வளைச்சார். அவ்வளவுதான். காஞ்ச முறுக்கு மாதிரி மேல் தோல்ல வரிவரியா விரிசல். விரிசலுக்குள்ள ஒரு ஈரம். ஈரம் திரண்டு ஒரு துளி. அந்தத் துளி எங்கே விழும்னு டார்ச்சாலயே காட்டினார். நேர் கீழே, சூடான புகை வெளியே போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.

"இத்த வச்சிக்கினா பாட்டிய ஒக்கார வச்சி ஓட்டினே?"

என்கிட்ட பதில் இல்லை. பனகல் பார்க்ல நான் அடிச்ச ஜோக் மட்டும் காதுல கேட்டுது.

ஒரு சின்ன அறிவியல், போரடிக்காம சொல்லிடறேன். பெட்ரோல் ஆவியாகிப் பத்திக்கிறதுக்கு வெயிலே தேவையில்லை. மைனஸ் 40 டிகிரி வாக்கில்கூட தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும். நம்ம ஊர்ல கத்திரி வெயில்ல கேட்கவா வேணும்? அந்த ஆவி காத்தைவிட கனம். மேலே பறந்து போகாது. கீழே படுத்துக்கும். ஃப்ளாட்டுக்கு அடியில இருக்கிற பார்க்கிங்ல நீங்க வண்டியை விட்டா, தரையோட தரையா காத்திருக்கும். ஒரு ஸ்பார்க் போதும்.

"இந்த ஹோஸு வண்டியோட வந்ததில்ல. யார் மாட்டினது?"

இப்போதான் உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம். நாலு மாசம் முன்னாடி அந்த ஹோஸ் லீக் ஆச்சு. புதுசு வாங்க சோம்பேறித்தனம், கொஞ்சம் கஞ்சத்தனம். புதுப்பேட்டை போய், வேற ஏதோ வண்டியிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, நானே மாட்டிட்டேன். கொடுத்தவர்கூட, "தம்பி, ரப்பருக்கு நான் கேரண்டி சொல்ல மாட்டேன்"னு சொன்னார். நான்தான் கேட்கலை. மிச்சம் பிடிச்ச காசுல நண்பர்களோட பிரியாணி சாப்பிட்டேன்.

அண்ணன் திட்டலை. துணியில கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்.

"இரும்ப பழசா வாங்கு தம்பி, தப்பேயில்ல. ரப்பர மட்டும் புதுசா வாங்கு."

எந்த காலேஜ்லயும் இவ்வளவு சின்ன வாக்கியத்துல இவ்வளவு பெரிய பாடம் எடுத்ததில்லை!

ரப்பருக்கும் வயசாகும்

இரும்புக்கு வயசானா துரு கண்ணுக்குத் தெரியும். தட்டிப் பார்க்கலாம், சுரண்டிப் பார்க்கலாம். ரப்பர் அப்படியில்லை. வெளியே கறுப்பா, கம்பீரமா இருக்கும். உள்ளே அதை மிருதுவா வச்சிருக்கிற எண்ணெய்ப் பொருட்கள் சூட்டுலயும் பெட்ரோல்லயும் கரைஞ்சு போயிட்டே இருக்கும். ஒருநாள் வளைச்சா உடையும். ஓட்டாம நிறுத்தி வச்சா நல்லா இருக்கும்னு நினைக்காதீங்க. பெட்ரோல் இல்லாம காயும்போதுதான் விரிசல் வேகமா வரும்.

இதுல ஒரு புது வில்லனும் உண்டு. பங்க்ல நாம போடுறது இப்போ வெறும் பெட்ரோல் இல்லை. கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கிற எத்தனால் கலந்தது. 20 சதவீதம் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாச்சு. முதல்ல 2030-ல் தொடணும்னு வச்ச இலக்கை 2025-லேயே தொட்டுட்டாங்க. புது கார்களுக்குப் பிரச்னை இல்லை, 2023 ஏப்ரலிலிருந்து ஈ20-ஐத் தாங்குற பொருட்களோடதான் வண்டி வருது. எங்க 2001 தாத்தாவுக்கு? அவர் பிறந்தப்போ இந்தச் சமாசாரமே கிடையாது. எத்தனால் பட்டா பழைய வகை ரப்பர் ஊறி உப்பும், காயும்போது சுருங்கும். இப்படி ஊறிச் சுருங்கியே விரிஞ்சிடும். சில பழைய வண்டிகள்ல ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு மாத்த வேண்டியிருக்கலாம்னு 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கு.

இன்னொண்ணு, எத்தனாலுக்குத் தண்ணின்னா ரொம்பப் பிரியம். காத்துல இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்துக்கும். சென்னைக் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? தண்ணி அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் கூட்டணி வச்சு, பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில தேங்கிடும். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் வெள்ளத்துல நின்ன வண்டிகளை வச்சிருக்கிறவங்க இதை டபுளா கவனிக்கணும்.

மயிலாப்பூர் டு ஜி.பி. ரோடு

சரி, ஷாப்பிங் போகலாமா? அண்ணன் ஒரு சிகரெட் அட்டையில லிஸ்ட் எழுதிக் கொடுத்தார். நண்பனோட பைக்ல லஸ்ஸைத் தாண்டி, ராயப்பேட்டை நெடுஞ்சாலை வழியா, மணிக்கூண்டைப் பார்த்து நேரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு (செல்போன்லதான் பார்த்தோம், மரியாதைக்கு அதையும் பார்த்தோம்) ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனோம்.

சென்னைக்காரங்களுக்கு அது ஜி.பி. ரோடு. மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியற இந்த ஒரு தெருவுல ஒரு காரை நட்டு நட்டா வாங்கிடலாம். ஒரு கடையில பேரிங் மட்டும். பக்கத்துக் கடையில கேஸ்கெட் மட்டும். அதுக்கடுத்து லைட்டு, அதுக்கடுத்து சீட் கவர். பிளாட்பாரத்துல பைக்குங்க, பைக் மேல டிஸைன் ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருக்கிற பசங்க. உங்க காலேஜ் பார்க்கிங்ல பாதி வண்டி இங்கே அலங்காரம் பண்ணிக்கிட்டதாத்தான் இருக்கும்.

சென்னைக்கும் காருக்கும் சும்மா இல்லை பாஸ் சொந்தம். 1901-லேயே பாரி கம்பெனி டைரக்டர் யார்க்ங்கிறவர் அடையாறு பென்ஸ் கார்டன்ஸிலிருந்து பாரிமுனை ஆபீஸுக்குத் தினமும் கார்ல போயிருக்கார். 1903-ல், இதே மவுண்ட் ரோட்டு சிம்ப்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் உருவாக்கிய நீராவிக் கார் மெட்ராஸ் தெருவுல ஓடியிருக்கு. 1961-லிருந்து வண்டலூர்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரிச்சாங்க. எங்க தாத்தா கார் கத்துக்கிட்டதே ஒரு ஹெரால்டுலதான். பானெட் முழுசா முன்பக்கம் கவிழும், முதலை வாயைத் திறந்த மாதிரி!

ரப்பர் கடைக்காரர் லிஸ்டைப் பார்த்தார். "கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா?"

இதுதான் மில்லியன் டாலர் கேள்வி. இதைக் கேட்காத கடையில ஹோஸ் வாங்காதீங்க!

கார்புரேட்டர் வண்டியில பம்ப் பெட்ரோலைச் சும்மா தள்ளிவிடும். நாலைந்து பி.எஸ்.ஐ இருந்தா அதிகம். "எங்க காலத்துல சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டிக்கூட வீடு வந்து சேர்ந்திருக்கோம்"னு தாத்தா சொல்றது இதனாலதான். இன்ஜெக்ஷன் வண்டி அப்படியில்லை. உங்க பைக் டயர்ல காத்து 30 பி.எஸ்.ஐ வாக்கில் இருக்குமா? எம்.பி.எஃப்.ஐ ஹோஸுக்குள்ள பெட்ரோல் 40-ஐத் தொட்டுக்கிட்டு நிக்கும். சின்ன விரிசல் வந்தா சொட்டாது, பீய்ச்சும்.

அதனால ஹோஸ் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு படிக்கணும். எஸ்.ஏ.இ ஜே30 ஆர்6, ஆர்7-ன்னு இருந்தா அது கார்புரேட்டர் ரகம், 50 பி.எஸ்.ஐ வரைக்கும்தான். ஆர்9-ன்னு இருந்தா இன்ஜெக்ஷன் ரகம், 100 பி.எஸ்.ஐ தாங்கும். உள் தோல் ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலுக்கு அசராது. பார்க்க எல்லாமே கறுப்பு, எல்லாமே எட்டு மில்லிமீட்டர். அந்தச் சின்ன அச்சுதான் வித்தியாசம். எதுவுமே அச்சடிக்காத ஹோஸ் இருந்தா? செடிக்குத் தண்ணி விடுங்க.

நான் மாட்டின பழைய துண்டுல என்ன இருந்ததுன்னு வீட்டுக்கு வந்து தேடினேன். துடைச்சுப் பார்த்தேன். ஆர்7. யாரோ ஒருத்தரோட கார்புரேட்டர் வண்டியில உழைச்சு ரிட்டயர் ஆன ஹோஸை, நான் டபுள் டியூட்டிக்கு அனுப்பியிருக்கேன்!

க்ளிப்லயும் விஷயம் இருக்கு. பட்டையில வரிசையா ஓட்டை போட்ட சாதாரண க்ளிப்பை முறுக்கினா ரப்பரைக் கடிச்சு வெட்டிடும். இன்ஜெக்ஷன் க்ளிப்புக்கு ஓரம் மடிச்சிருக்கும், உள்பக்கம் வழவழன்னு இருக்கும். அதை வாங்கினோம். கூடவே ஒரு ஃப்யூல் ஃபில்டர். இன்ஜெக்டருக்கு மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு நாலு இன்ஜெக்டருக்கு எட்டு ஓ-ரிங், வைட்டான் ரகம். மொத்த பில்? நீங்களும் உங்க ஃப்ரெண்டும் மல்ட்டிப்ளெக்ஸ் போய், பாப்கார்ன் சாப்பிட்டு, இடைவேளையில இன்னொரு தடவை சாப்பிட்டா ஆகிற செலவு. இதைத்தான் மிச்சம் பிடிக்க நினைச்சேன்.

புதுப்பேட்டையில ஒரு இதயம்

லிஸ்ட்ல இன்னொரு ஐட்டம் பாக்கி: இன்ஜெக்டர். எங்க நாலு இன்ஜெக்டரையும் அண்ணன் கழட்டி, க்ளீனிங் கடைக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கடையில ஒரு மெஷின் இருக்கு பாருங்க, அரைமணி நேரம் நின்னு வேடிக்கை பார்க்கலாம். நாலு இன்ஜெக்டரையும் வரிசையா மாட்டி, கீழே நாலு கண்ணாடிக் குழாய் வச்சு, ஒரே நேரத்துல ஸ்ப்ரே பண்ண விடுவாங்க. நல்ல இன்ஜெக்டர் பன்னீர் தெளிக்கிற மாதிரி புகையாத் தூவும். ஒரு இன்ஜெக்டர் திறந்து மூடறது வெறும் சில மில்லி செகண்ட். வண்டி சும்மா நின்னு உறுமும்போதே நொடிக்கு குறைஞ்சது ஆறேழு தடவை. இருபது வருஷமா இதைச் செஞ்சிருக்குன்னா, அதுக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம்.

மூணு குழாய்ல ஒரே மட்டம். நாலாவது குழாய்ல மட்டும் அரைகுறை. அல்ட்ராசோனிக் தொட்டியில குளிப்பாட்டினாங்க. மறுபடியும் பார்த்தாங்க. மட்டம் ஏறுச்சு, ஆனா மூடின பிறகும் மூக்குல ஒரு சொட்டு தொங்குச்சு. "இது தேறாது. மாத்திடுங்க."

கம்பெனி 2014-ல் உற்பத்தியை நிறுத்தின வண்டிக்கு புது இன்ஜெக்டர் எங்கே போறது? கூவத்தைத் தாண்டி புதுப்பேட்டைக்குத்தான்.

செல்வராகவன் படம் 2006-ல் வந்ததிலிருந்து புதுப்பேட்டைன்னா வெளியூர்க்காரங்களுக்கு தனுஷும் கத்தியும் ஞாபகம் வரும். நேர்ல போனா வேற புதுப்பேட்டை. சுவரெல்லாம் கார் கதவு. தோரணம் மாதிரி பம்பர். பிளாட்பாரத்துல கியர் பாக்ஸ் உட்கார்ந்து வெயில் காயும். கண் திறந்தபடி ஹெட்லைட்டுகள். எண்ணெயில ஊறின மண். ஒரு டீக்கடை, அங்கே ஒவ்வொரு டம்ளர்லயும் கிரீஸ் கைரேகை. ஊருல செத்துப்போன எல்லாக் காரும் இங்கே வந்து வேற வண்டிகளுக்கு உறுப்பு தானம் பண்ணுது.

போன தடவை ஹோஸ் வாங்கின அதே தெரு. இந்த முறை நான் படிச்சவன்! கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார், இருபது இன்ஜெக்டர் உருண்டுச்சு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஏமாறாதீங்க. பழசோட உடம்புல பொறிச்ச நம்பரும் புதுசோட நம்பரும் எழுத்து மாறாம ஒத்துப்போகணும். மல்ட்டிமீட்டர் வச்சு ஓம்ஸ் பார்த்தா பழைய மூணோட கிட்டத்தட்ட ஒத்துப்போகணும். நாலைந்து தேடினதுல ஒண்ணு பொருந்துச்சு.

"ஓ-ரிங் இதுலயே இருக்கு தம்பி, அப்படியே மாட்டிக்க"ன்னார்.

"வேணாம்ண்ணே. இரும்பு மட்டும் கொடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் சிரிச்சார். "வெவரமான ஆளு." நாலு மாசம் முன்னாடி அவர் என்னைப் பார்த்திருந்தா இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

வாங்கினதை நேரா மாட்டிடலை. மறுபடியும் க்ளீனிங் கடை, மறுபடியும் கண்ணாடிக் குழாய். நாலும் ஒரே மட்டம். பழைய இரும்பு பாஸ்!

வேப்பமரத்தடி ஆபரேஷன்

ஞாயித்துக்கிழமை காலையில ஆபரேஷன். டாக்டர்: அண்ணன். நர்ஸ்: நான். வெளியே டென்ஷனா நின்ன சொந்தக்காரர்: தாத்தா. வீட்டிலிருந்து நடந்தே வந்துட்டார்.

முதல் வேலை, பம்போட ரிலேயைப் பிடுங்கிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். குழாய்ல இருக்கிற பெட்ரோலைக் குடிச்சு முடிச்சு, அதுவா இருமி நின்னுச்சு. அப்படித்தான் அழுத்தத்தை இறக்கணும். இல்லைன்னா க்ளிப்பைத் தளர்த்தின உடனே கண்ணுல பெட்ரோல் அபிஷேகம். ரெண்டாவது, பேட்டரி நெகட்டிவைக் கழட்டினார். மூணாவது, தீயணைப்பு சிலிண்டரைக் கை எட்டுற தூரத்துல வச்சார். நாலாவது, என் செல்போனைப் பிடுங்கி தாத்தாகிட்ட கொடுத்தார். இதைத்தான் என்னால தாங்க முடியலை!

ஹோஸ் ஏன் ரப்பர்ல இருக்குன்னு அப்போதான் புரிஞ்சுது. டேங்க்லிருந்து முன்பக்கம் வரைக்கும் அடியில ஓடறது ஸ்டீல் பைப்தான். ஆனா இன்ஜின் குலுங்கும், பாடி குலுங்காது. ரெண்டையும் இரும்பால கட்டினா ஒண்ணு உடையும். நடுவுல வளைஞ்சு கொடுக்க ஒரு ஆள் வேணும். எங்க வீட்ல மாமாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவுல பாட்டி இருக்கிற மாதிரி.

டேங்க் பக்கம், ஃபில்டர் பக்கம், இன்ஜின் பக்கம், மிச்ச பெட்ரோல் திரும்பிப் போற ரிட்டர்ன் லைன்... எல்லா ரப்பரையும் மாத்தினார். "லீக் ஆனது ஒண்ணுதானே அண்ணே?"ன்னு கேட்டேன். "மத்ததுக்கும் அதே வயசுதானே தம்பி?"ன்னு கேட்டார். ஓ-ரிங்ல ஒரு சொட்டு சுத்தமான ஆயில் தடவி, இன்ஜெக்டரை அமுக்கினார். முறுக்காம, கிழியாம, பதமா உட்கார்ந்துச்சு.

ரிலேயை மாட்டி, பேட்டரியை மாட்டி, உடனே ஸ்டார்ட் பண்ணலை. சாவியை ஆன் வரைக்கும் திருப்பினார், பம்ப் ரெண்டு நொடி முனகுச்சு. ஆஃப். மறுபடி ஆன். மூணு தடவை. அதுக்குள்ள குழாய்ல அழுத்தம் ஏறிடும். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால துடைச்சுப் பார்த்தார். பேப்பர் காஞ்சே இருந்தது. அப்புறம்தான் ஸ்டார்ட். ஒரே திருப்பல்!

கடைசியா அண்ணன் ஒரு வேலை பண்ணினார். கழட்டின பழைய ஹோஸையெல்லாம் எடுத்து, பிளேடால விரல் நீளத்துக்குத் துண்டு துண்டா நறுக்கினார்.

"எதுக்குண்ணே?"

"முழுசா போட்டா எவனாச்சும் எடுத்தும் போயி விப்பான். இன்னொருத்தன் வாங்குவான்."

அந்த இன்னொருத்தன் யாருன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்க்கலை. பெரிய மனுஷன்.

அடையாறு வரைக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ்

சாயங்காலம் பாட்டியையும் ஏத்திக்கிட்டு ஆர்.கே. மடம் ரோடு, மந்தைவெளி வழியா கிளம்பினோம். மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாத்திவிட்டு, ரெண்டு கிலோமீட்டர் ஊர்வலம் போறதுக்கு அரைமணி நேரம். வழக்கமா இந்த மாதிரி நெரிசல்லதான் வாசனை தூக்கும். கண்ணாடியை ஏத்திட்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். பாட்டியோட மல்லிப்பூ. அவ்வளவுதான்.

திரு.வி.க. பாலம் வந்ததும் காத்து மாறுச்சு. பக்கத்துல பழைய எல்பின்ஸ்டன் பாலம், அந்தப் பக்கம் அடையாறு முகத்துவாரம், இறங்கற வெயில். 1901-ல் அந்த யார்க் துரையும் இந்த அடையாறுப் பக்கமிருந்துதான் ஆபீஸ் போயிருப்பார். அவர் கார்லயும் எங்கேயோ ஒரு குழாய் இருந்திருக்கும். யாரோ ஒரு மெக்கானிக் அதைத் தடவிப் பார்த்திருப்பார்.

பெசன்ட் நகர்ல, ஸ்மிட் நினைவுச் சின்னம் தெரியற இடத்துல வண்டியை நிறுத்தினேன். இறங்கின உடனே குனிஞ்சு கீழே பார்த்தேன். தரை காஞ்சிருந்தது. தாத்தாவும் குனிஞ்சு பார்த்தார். அவர் எதுக்குக் குனிஞ்சார்னு கேட்கலை. ரெண்டு மாசமா அவருக்கும் வாசனை வந்திருக்கணும். சொன்னா மாமா வித்துடுவார்னு சொல்லாம இருந்திருக்கார். நான் செலவுக்குப் பயந்து மறைச்சேன், அவர் பிரிவுக்குப் பயந்து மறைச்சார். ரெண்டுக்கும் நடுவுல பின் சீட்ல ஒண்ணும் தெரியாம உட்கார்ந்திருந்தது பாட்டி.

"இன்னிக்கு வாசனையே இல்லையேடா, பெர்ஃப்யூம் தீர்ந்துபோச்சா?"ன்னு பாட்டி கேட்டாங்க.

ஞாபகம் வச்சிருக்காங்க பாருங்க!

ராத்திரி வீட்டுக்கு வந்து மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஹோஸ், விரிசல், துளி, பிரியாணி எல்லாம். பயங்கரத் திட்டு. முடிவுல, "சரி, அடுத்த ஆர்.சி வரைக்கும் ஓடட்டும்"னார். பேப்பருக்குப் பின்னாடி தாத்தா முகம் தெரியலை. பேப்பர் மட்டும் கொஞ்சம் கீழே இறங்குச்சு.

போறதுக்கு முன்னாடி, நோட் பண்ணிக்கங்க!

உங்க வீட்லயும் அப்பாவோட பழைய மாருதியோ, பெரியப்பாவோட பத்மினியோ இருக்கலாம். அதனால...

1. பெட்ரோல் வாசனை வந்தா அது ஞாபகார்த்தம் இல்லை, அலாரம். அன்னிக்கே வண்டியை நிறுத்துங்க, ஆள் இல்லாத திறந்தவெளியில.

2. ஹோஸ்ல ஒண்ணு போச்சுன்னா எல்லாமே போச்சு. மொத்தமா மாத்துங்க. மேல அச்சடிச்சதைப் படிச்சு வாங்குங்க. இன்ஜெக்ஷன் வண்டின்னா ஆர்9.

3. இன்ஜெக்டரைக் கழட்டினா பழைய ஓ-ரிங்கைத் திரும்ப மாட்டாதீங்க. எவ்வளவு நல்லா இருந்தாலும்!

4. ஃப்யூல் லைன் வேலையை யூடியூப் பார்த்து ஹாஸ்டல் பார்க்கிங்ல பண்ணாதீங்க. தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சுப் பண்ணுங்க. பக்கத்துல நின்னு கத்துக்கங்க.

5. மாத்தின ஒரு வாரம் கழிச்சு எல்லா க்ளிப்பையும் ஒரு முறை பாருங்க. புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும், க்ளிப் தளர்ந்திருக்கும்.

ஆறாவதா ஒண்ணு இருக்கு. அது புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் நடுவுல நான் கத்துக்கிட்டது. இரும்பைப் பழசா வாங்கலாம். ரப்பரைப் புதுசா வாங்கணும். பாட்டியை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.